நாற்பத்தொரு பொய்யும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

ஒன்பது வயதில் எனக்கிருந்த பெரிய கவலை, என்னிடம் போதுமான பாவம் இல்லை என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் எனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். எனக்கு மட்டுமல்ல, எங்கள் தோட்டத்தில் பதினொரு பிள்ளைகளுக்கு. காலையில் முதலில் பாவசங்கீர்த்தனம், அதன் பிறகு பூசை, பூசையில் நன்மை என்று உபதேசியார் ஒழுங்கு சொல்லியிருந்தார். சாமியார் முன்னால் முழங்காலில் இருந்து, செய்த பாவங்களை எத்தனை தடவை என்ற எண்ணிக்கையோடு சொல்லவேண்டும். நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்த பட்டியலில் மூன்றே பாவங்கள் இருந்தன. சீனி எடுத்துத் தின்றது, தம்பியைக் கிள்ளியது, செபமாலை சொல்லும்போது தூங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பதினேழு இருந்தன. அதை அவள் எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் எப்படி வரிசையில் நிற்பது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. என் குறையைத் தீர்த்து வைத்தது அப்பாவின் லொறி.

அது பழைய ஃபோர்வீல் லொறி. தோட்டத்தில் ஓடி ஓய்ந்து, சில்லைச் சுற்றிப் புல் முளைத்துக் கிடந்ததை அப்பா வாங்கி உயிர் கொடுத்தார். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும். எங்கள் தோட்டம் பலாபத்வலைக்கு மேலே, ரப்பரும் கொக்கோவும் மிளகும் கலந்து நின்ற மலையில் இருந்தது. மழைக்காலத்தில் அந்த மண் பாதையில் ஏறி இறங்க அந்த லொறியை விட்டால் வேறு கதியில்லை. கொக்கோ மூட்டை, விறகு, பிரசவ வலி கண்ட பெண்கள், கல்யாண வீட்டுக் கதிரைகள், எது போவதானாலும் அதில்தான் போகவேண்டும்.

அதன் கிளட்ச் பல மாதமாக வழுக்கிக்கொண்டிருந்தது. அப்பா பெடலிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் வீறிடும், லொறி நின்ற இடத்திலேயே நின்று யோசிக்கும். "அது கொஞ்சம் வெக்கப்படுது" என்பார் அப்பா. லொறியின் குறை எதையும் அவர் அதற்குமேல் ஒப்புக்கொண்டதில்லை. அவரிடம் அதற்கொரு வைத்தியமும் இருந்தது. மேட்டில் நிறுத்துவதே இல்லை. ஏறுகிறவர்கள் ஓடி ஏறவேண்டும், இறங்குகிறவர்கள் குதித்து இறங்கவேண்டும். தோட்டத்துக் கிழவிகள்கூட அதற்குப் பழகியிருந்தார்கள்.

ஆனால் அது எண்பதுகளின் நடுப்பகுதி. பலாபத்வலைக்கு அந்தப் பக்கம், பாதை மேடேறும் இடத்தில் ஆமிக்காரர்கள் ஒரு தடை போட்டார்கள். போடும்போது எங்கள் லொறியின் கிளட்சைக் கேட்டுப் போடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா அங்கே நிறுத்தி, அடையாள அட்டையைக் காட்டி, போகலாம் என்று அவர்கள் கையசைத்த பிறகும் போக முடியாமல் நின்றார். எஞ்சின் கத்தியது, கருகிய மணம் வந்தது, லொறி பின்னால் நழுவியது. போ என்றால் போகாமல் நிற்கும் தமிழனின் லொறியை அந்த நாட்களில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மூட்டைகளையெல்லாம் இறக்கிக் குத்திப் பார்த்தார்கள். அடியில் படுத்துப் பார்த்தார்கள். கடைசியில் நான்கு பேர் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு தள்ளிவிட்டார்கள். அடுத்த தடவை தள்ளமாட்டோம், பள்ளத்தில்தான் உருட்டுவோம் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் மடியில் அப்போது வெள்ளைத் துணி கிடந்தது.

பதினொரு பிள்ளைகளின் உடுப்பையும் அம்மாதான் தைத்தார். ஒரே துணிச் சுருளிலிருந்து ஏழு கவுன், நான்கு சேர்ட். என்னுடைய கவுனுக்கு மட்டும் உப்பிய கை வைத்திருந்தார். தையற்காரியின் மகளுக்கு அந்த அளவு சலுகை நியாயம்தான் என்று நான் நினைத்தேன். அந்த உடுப்போடு சேற்றில் மூன்று மைல் நடந்து பஸ் ஏற முடியாது. நடந்தாலும் ஞாயிறு காலையில் வஹகோட்டைப் பக்கம் நேரத்துக்குப் பஸ் இல்லை. லொறியில் போனால் தடையில் நிறுத்தவேண்டும். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. இந்த ஞாயிறு தவறினால் புதுநன்மை அடுத்த வருஷம்தான். அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "கிளட்சை மாத்துங்க" என்றார்.

அப்பாவுக்கும் வேலை தெரியும். ஆனால் ஃபோர்வீல் லொறியின் கியர் பொக்ஸ் தனி ஆளாக இறக்கி ஏற்றும் சாமான் அல்ல. முன்சில்லுகளை இழுக்கும் பெட்டி வேறு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒருவர், மேலே ஒருவர் வேண்டும், இருவருக்கும் வேலை தெரிந்திருக்கவேண்டும். எங்களுக்கு அப்படித் தெரிந்தவர் ஒருவர்தான். மாத்தளை டவுனில் ஒரு கராஜில் பாஸாக, மெக்கானிக்காக இருந்த என் மாமா, அம்மாவின் அண்ணன். அவரும் அப்பாவும் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை.

சண்டை தம்பியின் ஞானஸ்நானத்தில் வந்தது. ஞானத் தகப்பனாகத் தன்னைத்தான் நிறுத்துவார்கள் என்று மாமா நம்பி, புதுச் சேர்ட் தைத்துப் போட்டுக்கொண்டு முன்வாங்கில் வந்து உட்கார்ந்தார். அப்பா தோட்டத்து மருந்துக்காரரை நிறுத்தினார். பிரசவத்தில் அம்மாவைப் பிழைக்க வைத்தவர் அவர்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை நன்றாக ஊன்றிக்கொண்டது. தம்பிக்கு இரண்டு வயது, சண்டைக்கும் இரண்டு வயது. தம்பி பேசத் தொடங்கிவிட்டான், இவர்கள்தான் தொடங்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வரும்போது பின்னால் மாமா வந்தார், தோளில் ஒரு சாக்கு. சாக்கில் வேறொரு உடைந்த லொறியிலிருந்து கழற்றிக் கடைந்து எடுத்த பிளைவீலும், கிளட்ச் அழுந்தும் அந்தக் கனத்த சக்கரம்தான் அது, புது கிளட்ச் பிளேட்டும் இருந்தன. மாமா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"புள்ள, ஒங்கப்பாக்கிட்ட சொல்லு. நான் லொறிக்குத்தான் வந்தேன். ஆளுக்கு வரல்ல."

லொறிக்கடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "லொறி இங்கனதான் நிக்குதுன்னு சொல்லு."

அப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

பேச்சு முறிந்த சொந்தக்காரர்கள் பிள்ளைகள் வழியாகப் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வார்கள். அதற்கொரு சட்டமும் இருந்தது. பிள்ளை கொண்டுவந்து சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அதுவரை மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர்மேல் கோபம் வந்தால் அந்த ஆளின் குரல் மட்டும் காதில் விழாமல் போய்விடும் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர்களுக்கு மூட்டு வலி வருவதில்லையா, அதுபோல இதுவும் ஒன்று.

தன் லொறிக்கடியில் தான்தான் படுப்பேன் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். சாக்கு விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டார். மாமா ஆசனத்தையும் தரைத் தகடுகளையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் காலைத் தொங்கவிட்டு மேலே உட்கார்ந்தார். நான் கதவோரம் படியில் இருந்தேன். கையை நீட்டினால் மாமாவின் முழங்கால், குனிந்தால் அப்பாவின் நெற்றி.

முதல் செய்தி மாமாவிடமிருந்து வந்தது. "அந்தக் காட்டு மனுசன்கிட்ட சொல்லு, போல்ட்ட கழட்டுறதுக்கு முந்தி கியர் பொக்ஸுக்கு முட்டுக் குடுக்கணும்னு. இல்லாட்டி நெஞ்சில விழும்."

நான் குனிந்தேன். காட்டு மனுசன் என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அப்பா எழுந்து வருவார், மாமா சாக்கைத் தூக்குவார், என் உப்பிய கை கவுன் பெட்டியிலேயே கிடக்கும். "அப்பா, மாமா முட்டுக் குடுக்கச் சொல்றாங்க. ஒங்களுக்கு அடிபட்டுறக் கூடாதாம்" என்றேன்.

கீழே அப்பா கட்டையொன்றைத் தேடி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இவரு பால் குடிக்கிற காலத்திலேயே நான் முட்டுக் குடுத்தவன்னு சொல்லு" என்றார் அப்பா.

"மாமா, அப்பா சரின்னு சொல்றாங்க. நல்ல யோசனையாம்."

மாமா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நான் முடிவு செய்தேன். உள்ளே ஓடிப்போய்க் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்காவது பாவத்தை எழுதினேன். பொய் சொன்னது. பக்கத்தில் இரண்டு கோடு.

அன்று மாலைக்குள் கோடுகள் பத்தொன்பதாயின. முன்னும் பின்னும் போகும் இரண்டு நீள இரும்புத் தண்டுகளைக் கழற்றுவதற்குள் ஆறு. கெபினின் இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டு, அதில் கயிறு கட்டி, கியர் பொக்ஸை அலவாங்குக் கம்பியால் நெம்பி நெம்பிப் பின்னால் தள்ளி இறக்குவதற்குள் மேலும் எட்டு. "கயித்த விடச் சொல்லு அந்தச் சோம்பேறிய" என்று கீழிருந்து வந்தது மேலே போகும்போது "மெதுவா விடுங்க மாமா, கை நோகப்போகுது" என்று ஆகியிருக்கும். நேரம் போகப்போக எனக்கு வேலை பிடித்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சலிப்பாக இருந்தது. அதனால் நானாகவே செய்தி அனுப்பத் தொடங்கினேன்.

"மாமா, ஒங்க இடுப்பு வலி இப்ப எப்படின்னு அப்பா கேக்குறாங்க."

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது. மாமா ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்லன்னு சொல்லு" என்றார் கடைசியில். நான் அதை இறக்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, யாருக்கோ சொல்வதுபோல, "ராத்திரிக்கு எண்ணெய் சூடு காட்டித் தடவுறாரான்னு கேளு" என்றார். அதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் கொண்டுபோனேன். அதற்குக் கோடு போடவில்லை.

கியர் பொக்ஸ் இறங்கியதும் பழைய கிளட்சைக் கழற்றினார்கள். பிளேட்டில் ஆணித்தலைகள் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பிளைவீல் சுட்ட தோசைக்கல்போல் நீலம் பாரித்து, முகம் முழுக்க வெடிப்பும் கீறலுமாக இருந்தது. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இது வெக்கப்படல்ல, செத்து ஆறு மாசம் ஆச்சுன்னு சொல்லு" என்றார். இதை எப்படித் திருப்புவது என்று நான் திணறினேன். "இத வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் ஓட்டுனது பெரிய கெட்டித்தனமாம் அப்பா." அப்பா பழைய பிளேட்டை ஓரமாகத் தள்ளினார். ஆனால் முகத்தில் கிரீஸுக்கு மேலாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை புது பிளைவீலை ஏற்றினார்கள். கடைந்த முகம் கண்ணாடிபோல் இருந்தது. அதில் என் மூக்கைப் பார்த்துக்கொண்டேன். பிளேட் நட்டநடுவில் நிற்காவிட்டால் கியர் பொக்ஸின் தண்டு உள்ளே போகாது என்பதால், அப்பா கொய்யாக் கம்பொன்றைச் சீவிச் சீவி, அந்தத் துளைக்கு அளவாக ஒரு முளை செய்தார். மாமா அதை வாங்கிப் பார்த்தார். "மோசமில்லன்னு சொல்லு" என்றார். நான் "இப்படி ஒரு வேலைய டவுன்லகூட பாத்ததில்லையாம்" என்றேன். வெள்ளைத் துணியும் ஊசியுமாகக் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்த அம்மா, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தத் தவறு நடந்தது.

அப்பா பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்துப் பிடித்து, கொய்யா முளையைச் செருகினார். மாமா மேலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏய் புள்ள, சொல்லு. பிளேட்ட மாத்திப் பிடிச்சிருக்காரு. குமிழ்ப் பக்கம் கியர் பொக்ஸ பாக்கணும். இப்படியே பூட்டினா கிளட்ச் விடாது, எல்லாத்தையும் திரும்ப எறக்கணும். கண்ணும் தெரியாம காதும் கேக்காம ஒரு மனுசனுக்கு லொறி எதுக்கு? மாட்டுவண்டி ஓட்டச் சொல்லு!"

இவ்வளவு பெரிய வசவு அதுவரை வரவில்லை. அதிலிருந்து எதைப் பிய்த்து எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. குமிழ், பக்கம், மாட்டுவண்டி எல்லாம் ஒன்றாகக் குழம்பின. இரண்டு நாளாகக் கஷ்டப்பட்டுக் கட்டியதெல்லாம் போய்விடுமே என்று பயந்து, மொத்தத்தையும் விழுங்கிவிட்டேன்.

"அப்பா, பிளேன்டீ குடிக்கிறீங்களான்னு மாமா கேக்குறாங்க."

அப்பாவின் கை பிளேட்டின்மேல் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிளேட்டைப் பார்த்தார். பிறகு இன்னும் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "வேணாம்னு சொல்லு" என்றுவிட்டு, முதல் போல்ட்டை முறுக்கத் தொடங்கினார்.

மாமா ஓட்டைக்குள்ளிருந்து காலை எடுத்தார். நான் "அப்பா பாத்துக்குறாங்களாம்" என்றேன். மாமா வெளியே இறங்கிப்போய், தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினார்.

கியர் பொக்ஸைத் திரும்ப ஏற்ற வெள்ளி மாலையும் சனி காலையும் போயின. இடது பக்கம் கொஞ்சம் என்று கீழிருந்து வந்ததை நான் மேலே சொல்வதற்குள் கயிறு ஆடி வலது பக்கம் போயிருக்கும். வலது என்று மேலிருந்து வருவதற்குள் அது திரும்பவும் இடது பக்கம் இருக்கும். என் தொண்டை கட்டிவிட்டது. அப்பாவின் புருவத்தில் தோல் பெயர்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தகட்டையும் பூட்டினார்கள். பிள்ளைகள் பதினொரு பேரும், அவர்களுடைய ஆட்களும் லொறியைச் சுற்றி நின்றார்கள். அப்பா ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கிளட்சை மிதித்து, கியரைப் போட்டார்.

கர்ர்ர்ர் என்று பல் நொறுங்கும் சத்தம். இன்னொரு தடவை மிதித்தார். இன்னொரு தடவை கர்ர்ர்ர். கிளட்ச் விடவில்லை.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. பிளேட் தெரிந்தது, குமிழ் தெரிந்தது, பிளேன்டீ தெரிந்தது. பதினொரு கவுனும் சேர்ட்டும் வீட்டுக்குள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அழுகைக்கு நடுவே, "மாமா சொன்னாங்க, பிளேட் மாறிருக்குன்னு சொன்னாங்க, நான்தான் அப்பாகிட்ட சொல்லல்ல, டீன்னு பொய் சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். சாமியாருக்கு வைத்திருந்த பாவசங்கீர்த்தனத்தை லொறிக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா இறங்கிவரும் சத்தம் கேட்டது.

"புள்ளமேல பிழை இல்ல" என்றார் அப்பா. "பிளேட்ட பிடிச்சது என் கை. நான்தான் பாத்துப் போட்டிருக்கணும்."

"அதெல்லாம் இல்ல மச்சான்" என்றார் மாமா. "மேல இருந்து பாத்தவன் நான். எறங்கி வந்து கையப் பிடிச்சுத் திருப்பியிருக்கணும். என் பிழைதான்."

"நீங்க என்னா செய்வீங்க, மச்சான்? என் பிடிவாதம் ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஒங்க பிடிவாதமா? என்னுது அதவிட பெருசு."

பழி தனக்குத்தான் என்று இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணைத் திறந்து, யாருடைய பேச்சை முதலில் கொண்டுபோவது என்று பழக்க தோஷத்தில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். கொண்டுபோக ஒன்றும் இருக்கவில்லை. அம்மா உள்ளே பாத்திரத்தை நழுவவிட்டார், அது கொஞ்ச நேரம் தரையில் உருண்டது.

அதன் பிறகு அவர்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்கவேண்டும். இரண்டு நாள் பிடித்த வேலை நான்கு மணித்தியாலத்தில் முடிந்தது. "மச்சான், கொஞ்சம் இடது." "இந்தா வந்துட்டு." "பிடிச்சுக்குங்க." "பிடிச்சுட்டேன், விடுங்க." பிளேட் திரும்பியது, கொய்யா முளை போய்வந்தது, கியர் பொக்ஸின் தண்டு ஒரே தள்ளில் தன் வீட்டுக்குள் போவதுபோல் போனது. நடுவில் மாமா மருந்துக்காரரைப் பற்றி ஏதோ சொல்ல, அப்பா கீழே படுத்தபடியே சிரித்து, வாயில் மண் விழுந்து இருமினார். நான் படியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உத்தியோகம் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. பொழுது சாயுமுன் லொறி லய வீடுகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. மேட்டில் நின்றது. மேட்டிலிருந்து கிளம்பியது. ஆட்கள் கைதட்டினார்கள்.

ஞாயிறு காலையில் பலகைகளுக்கு மேல் பாய் விரித்து, பாய்க்கு மேல் துணி விரித்து, எங்கள் பதினொரு பேரையும் ஏற்றினார்கள். தடையில் அப்பா நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை தள்ளிய அதே ஆமிக்காரன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். நெட் முக்காடும் பூவளையமுமாக ஏழும், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு நான்குமாகப் பதினொரு முகங்கள் அவனைப் பார்த்தன. அவன் அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டான். நான்கு பேரும் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு, லொறியின் பின்பலகையில் கை வைத்துத் தயாராக நின்றார்கள். அப்பா கிளட்சை மெதுவாக விட்டார். லொறி ஒரு குலுக்கலும் இல்லாமல் மேட்டில் ஏறிப் போனது. நால்வரும் நீட்டிய கையோடு பாதையிலேயே நின்றார்கள். பிறகு ஒருவன் அந்தக் கையையே ஆட்டி எங்களுக்கு விடை கொடுத்தான். நாங்களும் ஆட்டினோம்.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள், அந்த மரக்கூண்டுக்குள், நான் கொப்பியையே கொண்டுபோயிருந்தேன். சீனி, தம்பி, செபமாலை, பிறகு பொய், நாற்பத்தொரு தடவை. சாமியார் இந்த எண்ணிக்கையைக் கேட்டுத் திடுக்கிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. நடந்ததை விவரமாகச் சொன்னேன். அவர் கேட்டார்:

"ஒங்க அப்பா எங்க இருந்தாரு?"

"லொறிக்குக் கீழ, சாமி."

"மாமா?"

"அதுக்கு மேல. நடுவுல கியர் பொக்ஸ்தான்."

"அப்பாவுக்குக் காது மந்தமா?"

"இல்ல சாமி. அப்பாவுக்கு அடுத்த மலையில லொறி வந்தாலே கேக்கும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நீண்ட இருமல். அது அடங்கிய பிறகு, அருள் நிறைந்த மரியே செபம் மூன்று சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். பதினேழு பாவக்காரிக்குப் பத்துக் கொடுத்தவர், எனக்கு மூன்றுதான் கொடுத்தார். சாமியார் இருமலில் சரியாகக் கேட்டிருக்கமாட்டார் என்று எனக்கு மனவருத்தமாகிவிட்டது.

திரும்பி வரும்போது முன்னாலே உட்கார எனக்கு இடம் கிடைத்தது. அப்பா ஓட்டினார், மாமா மற்றக் கதவோரம், தம்பி அவர் மடியில். நான் நடுவில், என் உப்பிய கைகள் இரண்டு பேரையும் தொட்டுக்கொண்டிருக்க. மேடொன்றில் அப்பா, "அடுத்த பிள்ளைக்கு நீங்கதான் ஞானத் தகப்பன், மச்சான்" என்றார். என் வாய் தானாகத் திறந்தது.

"மாமா, அப்பா சொல்றாங்க, அடுத்த பிள்ளைக்கு..."

"கேட்டுச்சு, புள்ள" என்றார் மாமா. "முந்தா நாளும் கேட்டுச்சு."

அப்பா சிரித்த சிரிப்பில் லொறியை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது, அதுவும் நடு மேட்டில். மாமா தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இவர்கள் எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளட்சை விட்டார், லொறி சத்தமே இல்லாமல் கிளம்பியது. அப்போதுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. கிளட்ச் புதிதாகிவிட்டதால் லொறியின் சத்தம் குறைந்துவிட்டது, அதனால்தான் இப்போது இரண்டு பேருக்கும் காது கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.